கைநாட்டு உயிலும் அதற்கு முந்தைய உயிலும்: சாட்ஸ்வொர்த் வழக்கு ஒன்றின் ஆய்வு

டர்பனில் உயில் தகராறு என்று வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே பேச்சோடுதான் வருகிறார்கள்: "அம்மாவுக்கு அப்போ நினைவே சரியில்ல. மயக்கி எழுதி வாங்கிட்டாங்க." அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் ஒரு உயிலை உடைக்க இருக்கும் வழிகளில் மிகவும் செலவு பிடிப்பதும் தோற்கும் வாய்ப்பு அதிகமுள்ளதும் அந்த வழிதான். தாளிலேயே கண்ணுக்கு எதிரில் கிடக்கும் குறைகளை யாரும் பார்ப்பதில்லை. அதைவிட முக்கியமான கேள்வியையும் கேட்பதில்லை: இந்த உயில் விழுந்தால் அடுத்து எது எழுந்து நிற்கும்?

நான் வழக்கறிஞர் அல்ல. தமிழ் மட்டுமே சரளமாகப் பேசும் முதியவர்கள் அஃபிடவிட் (பிரமாண வாக்குமூலம்) கொடுக்கும்போது மொழி உதவி செய்கிறவன். கீழே வரும் குடும்பத்தின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். இதே போன்ற வேறு வழக்குகளின் விவரங்களும் இதில் கலந்திருக்கின்றன. சட்டம் பற்றிச் சொல்பவை மட்டும் உள்ளபடியே.

குடும்பமும் வீடும்

இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டத்தால் மேகசின் பேரக்ஸ், கேட்டோ மேனர் பக்கமிருந்து பெயர்க்கப்பட்ட இந்தியக் குடும்பங்கள் 1960களில் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் குடியமர்த்தப்பட்டன. மாநகராட்சி கட்டிய வீட்டில் வாடகைக்கு இருந்து, பிறகு தவணையில் சொந்தமாக்கி, பின்பக்கம் ஒரு அவுட்பில்டிங் எழுப்பியவர்கள் ஏராளம். அவர்களில் ஒரு தாய்தான் இந்த வழக்கின் நடுவில் இருக்கிறார். கணவர் முன்பே காலமாகிவிட்டார். பிள்ளைகள் நான்கு பேர். மூத்த மகன் ஜோஹனஸ்பர்க் பக்கம் லெனேசியாவில். இரண்டாவது மகள் அம்மாவுக்கு முன்பே இறந்துபோனாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள், ஒருவன் இன்னும் மைனர். மூன்றாவது மகளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. துணி ஆலையில் தையல் வேலை, அம்மாவோடு பெரிய வீட்டில் வாசம். கடைசி மகனும் மருமகளும் பின்னால் அவுட்பில்டிங்கில்.

சண்டை பதினாறாம் நாள் கருமாதி முடிந்த மாலையில் தொடங்கியது. பந்தல்காரர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போதே கடைசி மகன் இரண்டு பக்கத் தாள் ஒன்றை எடுத்து வைத்தார். "அம்மா எல்லாத்தையும் என் பேருக்கு எழுதிட்டாங்க. அக்கா, நீங்க வேற இடம் பாத்துக்கணும்." மூன்றாவது மகள் என்னிடம் வந்தபோது அவள் கையில் இருந்தது அந்தத் தாளின் ஜெராக்ஸ். அவளுக்குச் சொத்து ஆசை எதுவும் இல்லை. தங்கியிருக்க ஒரு கூரை வேண்டும், அவ்வளவுதான்.

பேசுவதற்கு முன் மூத்தவரின் ஒரு நம்பிக்கையைத் தெளிவாக்க வேண்டியிருந்தது. இந்தியாவில் இருக்கும் உறவுக்காரர் ஒருவர், "பிதுரார்ஜித சொத்து, பிறப்பிலேயே உங்களுக்குப் பங்கு உண்டு" என்று அவருக்குச் சொல்லியிருந்தார். இந்திய இந்து வாரிசுரிமைச் சட்டம் இங்கே செல்லாது. தென்னாப்பிரிக்காவில் ஒருவர் தன் சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம்; வளர்ந்த பிள்ளைக்கு ஒரு சென்ட்கூட விடாமல் போகலாம். பராமரிப்பு தேவைப்படும் மைனர் பிள்ளைகளும், 1990ஆம் ஆண்டின் 27ஆம் எண் சட்டப்படி உயிருடன் இருக்கும் கணவன் அல்லது மனைவியும் எஸ்டேட்டிடம், அதாவது இறந்தவர் விட்டுப்போன சொத்திலிருந்து, பராமரிப்பு கேட்கலாம். ஆகவே "இது அநியாயம்" என்பது மட்டும் உயிலை எதிர்க்கக் காரணம் ஆகாது.

இன்னொன்றையும் பார்த்துக்கொண்டோம். டைட்டில் டீட் (வீட்டு உரிமைப் பத்திரம்) யார் பெயரில்? அப்பா உயில் எழுதாமல் இறந்தவர். அவர்கள் கல்யாணம் தமிழ் முறைப்படி நடந்தது, அரசாங்கத்தில் பதிவாகவில்லை. இப்படிப்பட்ட விதவைகளைச் சட்டம் "மனைவி" என்று கணக்கில் எடுக்குமா என்ற கேள்வி நம் ஊரில் நெடுநாள் இருந்தது. 2009ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் வெளியான டர்பன் உயர்நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று, ஒருதார இந்துத் திருமணத்தில் உயிருடன் இருப்பவரும் உயிலில்லா வாரிசுச் சட்டத்தின்படி வாரிசுதான் என்று சொன்னது. இந்தக் குடும்பத்தில் பிள்ளைகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு வீட்டை முன்பே அம்மா பெயருக்கு மாற்றியிருந்தார்கள். அதனால் அந்த முடிச்சு இல்லை. ஆனால் அப்பா பெயரிலேயே வீடு கிடக்கும் குடும்பங்கள் அம்மாவின் உயிலோடு மல்லுக்கட்டுவதற்கு முன் அந்தக் கணக்கை முடிக்க வேண்டும். அம்மாவுக்குச் சொந்தமில்லாததை அம்மாவின் உயில் யாருக்கும் கொடுக்க முடியாது.

அந்த இரண்டு பக்கம்

ஸ்டேஷனரி கடையில் விற்கும் அச்சடித்த உயில் படிவம். கோடுகளில் ஆங்கிலத்தில் பேனாவால் நிரப்பப்பட்டிருந்தது. எழுத்து மருமகளுடையது, குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த, வலப்பக்கம் சாய்ந்த எழுத்து. "முன்பு எழுதிய உயில்கள் அனைத்தையும் ரத்து செய்கிறேன்" என்ற வரி அச்சிலேயே இருந்தது. வீடு, பேங்க் கணக்கு, பாத்திரம் பண்டம் எல்லாம் கடைசி மகனுக்கு. இரண்டாம் பக்கத்தின் அடியில் நீல மையில் ஒரு பெருவிரல் ரேகை. பக்கவாதம் வந்து வலது கை விழுந்த பிறகு அம்மா இடது பெருவிரலைத்தான் வைப்பார். அதே ரேகை, ஓரம் கொஞ்சம் இழுபட்டு. கீழே இரண்டு சாட்சிகளின் கையெழுத்து. அதற்கும் கீழே போலீஸ் ஸ்டேஷனின் ரப்பர் முத்திரை, ஒரு கையெழுத்து, தேதி. அந்தத் தேதி உயிலின் தேதிக்கு மூன்று நாள் பிந்தியது.

முதல் பக்கத்தில் எதுவும் இல்லை. ரேகையும் இல்லை, எவருடைய கையெழுத்தும் இல்லை.

நான் அந்த முத்திரையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். அதில் இருந்தது "இது அசலின் உண்மை நகல்" என்ற வாசகம். அடையாள அட்டை ஜெராக்ஸுக்கும் பள்ளிச் சான்றிதழுக்கும் குத்துகிற அதே முத்திரை. ஸ்டேஷன் கவுன்டரில் தாளை நீட்டியவர் என்ன கேட்டாரோ தெரியாது, கிடைத்தது இதுதான்.

இங்கே 1953ஆம் ஆண்டின் 7ஆம் எண் உயில்கள் சட்டத்துக்கு வர வேண்டும். அதன் 2ஆம் பிரிவு கேட்பவை கடினமானவை அல்ல, ஆனால் கண்டிப்பானவை. உயில் எழுதுபவர் முடிவில் கையெழுத்திட வேண்டும். பல பக்கம் இருந்தால் மற்ற ஒவ்வொரு பக்கத்திலும் எங்காவது கையெழுத்திட வேண்டும். 14 வயது நிறைந்த, சாட்சி சொல்லத் தகுதியுள்ள இரண்டு பேராவது ஒரே நேரத்தில் அங்கே இருக்க வேண்டும். அவர் போடுவதை இவர்கள் பார்க்க வேண்டும், இவர்கள் போடுவதை அவரும் ஒருவரை ஒருவரும் பார்க்க வேண்டும். தமிழில் கையெழுத்துப் போட்டாலும் அது கையெழுத்துதான். கைநாட்டும் செல்லும். ஆனால் கைநாட்டு என்றால் கூடுதலாக ஒரு பாதுகாப்பு உண்டு: கமிஷனர் ஆஃப் ஓத்ஸ் (பிரமாணம் செய்துவைக்கும் அதிகாரி) ஒருவர், "இவர் யார் என்று நான் அறிந்து உறுதி செய்துகொண்டேன், இது இவருடைய உயில்தான்" என்று உயிலிலேயே சான்று எழுத வேண்டும். சான்று இருக்கும் பக்கம் தவிர மற்ற எல்லாப் பக்கங்களிலும் அவர் கையெழுத்திட வேண்டும். போலீஸ்காரர் கமிஷனர் ஆஃப் ஓத்ஸ்தான், அதில் பிழை இல்லை. நகல் முத்திரை அந்தச் சான்று ஆகாது, அதுதான் விஷயம்.

இந்த விதியை வெறும் சடங்கு என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவருடைய, கை விழுந்தவருடைய விரலை யார் வேண்டுமானாலும் பிடித்து மையில் அழுத்தலாம். வெளியாள் ஒருவர் எதிரே உட்கார்ந்து "அம்மா, இது என்ன தாள் தெரியுமா?" என்று கேட்பதற்காகவே சட்டம் இந்தப் படியை வைத்திருக்கிறது. நம் ஆயாக்களுக்கும் தாத்தாக்களுக்கும் தேவையான பாதுகாப்பு இது.

சாட்சிகளில் ஒருவர் எதிர்வீட்டு முதியவர். அவருடைய அஃபிடவிட்டுக்கு நான்தான் உதவினேன். அவர் சொன்னது: "காலையில மருமகப் பொண்ணு கேட்டுக்கு வந்துச்சு. அக்காவோட கிராண்ட் பேப்பர், ஒரு கையெழுத்து போடுங்க அங்கிள்ன்னு சொல்லுச்சு. என் பக்கியோட பானட் மேல வெச்சுப் போட்டுக் கொடுத்தேன். அக்காவை அன்னைக்கு நான் பாக்கவே இல்ல." அக்கா என்று அவர் சொல்வது அம்மாவை; கிராண்ட் என்றால் அரசு உதவித்தொகை, பக்கி என்றால் பிக்கப் வண்டி. இன்னொரு சாட்சி கடைசி மகனோடு வேலை பார்ப்பவர். அவர் பேச மறுத்துவிட்டார்.

விட்டுவிட்ட வாதங்கள்

மூத்தவர் தொலைபேசியில் கொதித்தார்: "போர்ஜரி கேஸ் போடுங்க." நம் பக்க வழக்கறிஞர் உடனே மறுத்தார், அது சரியான முடிவு. ரேகை அம்மாவுடையது என்று எல்லோருக்கும் தெரியும். மோசடி என்று குற்றம் சாட்டி நிரூபிக்க முடியாமல் போனால் செலவு முழுவதும் நம் தலையில் விழும். உண்மையிலேயே போலி உயில் தயாரித்தவரை நீதிமன்றம் சும்மா விடாது. தாயின் பெயரில் போலி உயில் உண்டாக்கிய மகன் வாரிசாகவே தகுதியற்றவன் என்று தீர்த்த டர்பன் தீர்ப்பு 2001ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் இருக்கிறது. ஆனால் அந்தக் கதை வேறு, இது வேறு.

மூன்றாவது மகள் நம்பியிருந்தது நினைவுக் குறைவை. "என்னையே யாருன்னு கேட்டாங்க" என்றாள். உயில்கள் சட்டத்தின் 4ஆம் பிரிவு 16 வயது நிறைந்த எவரும் உயில் எழுதலாம் என்கிறது. எழுதிய நேரத்தில் தன் செயலின் தன்மையும் விளைவும் புரியாத மனநிலையில் இருந்தால்தான் செல்லாது. அப்படி இருந்தார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். "அந்த நேரத்தில்" என்பதுதான் இதில் எல்லாமே. நேற்று மறந்தவர் இன்று தெளிவாக இருக்கலாம். மருத்துவக் கோப்பை வரவழைத்தோம். உயில் தேதிக்கு மறுநாள் அம்மா பிரஷர் மாத்திரைக்காக கிளினிக் போயிருக்கிறார். நர்ஸ் எழுதியிருந்த வரி: நாள், இடம், ஆள் மூன்றும் அறிகிறார்; பேச்சு மெதுவாக, ஆனால் பொருத்தமாக. அந்த ஒரு வரி போதும், எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். பக்கவாதம் கையைத்தான் எடுத்தது. அறிவை எடுத்தது என்று சொல்ல ஆதாரம் இல்லை.

வற்புறுத்தல் வாதமும் இப்படித்தான். 1957இல் ஸ்பீஸ் எதிர் ஸ்மித் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வைத்த அளவுகோல் உயரமானது: எழுதியவரின் விருப்பம் இருந்த இடத்தில் இன்னொருவரின் விருப்பம் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். கூடவே இருந்தது, கஞ்சி ஊட்டியது, கெஞ்சியது, "அக்கா உங்களை முதியோர் இல்லத்துல விட்டுடுவாங்க" என்று ஒருமுறை சொன்னது, இவை மட்டும் போதாது. பகலில் அக்கா ஆலைக்குப் போனபின் அம்மாவைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, மாத்திரை கொடுத்தது மருமகள்தான். அதை யாரும் மறுக்கவில்லை. பார்த்துக்கொண்டவளுக்கு அம்மா நன்றியாக எழுதினார் என்று நீதிபதி நினைப்பதற்கும் இடம் உண்டு.

இதில் நடைமுறை வேறுபாடு ஒன்று, பணம் இல்லாத குடும்பங்களுக்கு இதுதான் முக்கியம். படிவக் குறையை, அதாவது கையெழுத்து, சாட்சி, சான்று இவற்றில் உள்ள குறையை, அஃபிடவிட்டுகளோடு மனுவாகவே நீதிமன்றத்தில் வைக்கலாம்; தாளே பேசும். மனநிலை, வற்புறுத்தல் என்று போனால் இவர் சொல்வதும் அவர் சொல்வதும் முட்டும். அப்படி முட்டினால், 1984ஆம் ஆண்டின் பிளாஸ்கான்-எவன்ஸ் தீர்ப்புக்குப் பின், மனு வழியில் பொதுவாக எதிர்மனுதாரரின் கூற்றைத்தான் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். ஆகவே வாய்மொழி விசாரணை, டாக்டர் சாட்சி, குறுக்கு விசாரணை என்று நீளும். சாட்ஸ்வொர்த் வீடு ஒன்றின் மதிப்பை இப்படி ஒரு விசாரணை தின்றுவிட முடியும்.

மாஸ்டர் அலுவலகமும் 2(3)ஆம் பிரிவும்

எஸ்டேட் வேலை தொடங்கும் இடம் உயர்நீதிமன்ற மாஸ்டரின் அலுவலகம்; இறந்தவர்களின் சொத்துப் பங்கீட்டை மேற்பார்வை செய்யும் அதிகாரி அவர். உயில் அங்கே போய், மாஸ்டர் ஏற்றுக்கொண்ட பிறகுதான் எக்ஸிக்யூட்டருக்கு (உயிலை நிறைவேற்றும் பொறுப்பாளருக்கு) நியமனக் கடிதம் வரும். நம் மக்கள் பெரும்பாலும் அந்தக் கடிதம் வந்து, வீடு விற்பனைக்குப் போர்டு மாட்டிய பிறகே அசைகிறார்கள். இங்கே மூன்றாவது மகள் சீக்கிரம் வந்ததுதான் அவளைக் காப்பாற்றியது. நியமனத்துக்கு முன்பே வழக்கறிஞர் ஒரு பக்கக் கடிதம் அனுப்பினார்: முதல் பக்கத்தில் ரேகை இல்லை, கமிஷனர் சான்று இல்லை, சாட்சி உடன் இல்லை என்பதற்கு அஃபிடவிட் இணைப்பு. மாஸ்டர் தாளை ஏற்க மறுத்தார்.

அதனால் வழக்கின் திசையே மாறியது. உயிலை உடைக்க நாம் நீதிமன்றம் போக வேண்டிய நிலை போய், அதைக் காப்பாற்ற கடைசி மகன் போக வேண்டிய நிலை வந்தது. அவர் போனார், உயில்கள் சட்டத்தின் 2(3)ஆம் பிரிவின் கீழ்.

இந்தப் பிரிவு 1992ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தது. இறந்தவர் தானே வரைந்த, அல்லது கையொப்பமிட்டு நிறைவேற்றிய ஒரு ஆவணம் தன் உயிலாகவே இருக்க வேண்டும் என்று அவர் எண்ணியது என்று நீதிமன்றத்துக்கு மனநிறைவு ஏற்பட்டால், படிவக் குறை இருந்தாலும் அதை ஏற்கும்படி மாஸ்டருக்குக் கட்டளையிட வேண்டும். நல்ல நோக்கமுள்ள பிரிவு. 2010இல் வான் டெர் மெர்வெ வழக்கில், இறந்தவர் நண்பருக்கு ஈமெயிலில் அனுப்பிய, கையெழுத்தே இல்லாத வரைவைக்கூட உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் அது அவரே தட்டச்சு செய்தது என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை. 2003இல் பெக்கர் எதிர் நௌடே வழக்கில் அதே நீதிமன்றம், பேங்க் தயாரித்து அனுப்பி, கையெழுத்தாகாமல் கிடந்த உயிலை ஏற்கவில்லை. "வரைந்த" என்றால் இறந்தவர் தன் கையால் வரைந்தது என்றது.

நம் தாளை வரைந்தது அம்மா அல்ல, மருமகள். ஆகவே "வரைந்த" என்ற வழி அடைபட்டது. ஒரு ரேகை இருப்பதால் "நிறைவேற்றிய" என்ற வழி திறந்திருந்தது. அப்போது கேள்வி ஒன்றே ஒன்று: அந்தத் தாள் தன் உயில் என்று தெரிந்துதான் அம்மா விரலை வைத்தாரா? ஆங்கிலத்தில் எழுதிய தாள். அம்மாவுக்குத் தெரிந்தது தமிழ். யார் படித்துச் சொன்னார்கள்? மருமகள் தன் அஃபிடவிட்டில் "நானே விளக்கினேன்" என்றாள். சாட்சியிடம் கிராண்ட் பேப்பர் என்று சொன்ன அதே ஆள் மாமியாரிடம் மட்டும் உயில் என்று சொல்லியிருப்பாரா என்பதை நீதிபதி யோசிக்காமல் இருக்க முடியாது. பானட் மேல் போட்ட அந்தக் கையெழுத்து இங்கேதான் பேசியது.

வழக்கைத் திருப்பிய 4A பிரிவு

இதுவரை சொன்னதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 4A பிரிவு. இதைப் பற்றி நம் வீடுகளில் யாருக்கும் தெரிவதில்லை. உயிலுக்குச் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டவர், எழுதுபவருக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட்டவர், உயிலைத் தன் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தவர் — இவர்களும், இவர்களுடைய கணவன் அல்லது மனைவியும் அந்த உயிலால் பயன்பெற முடியாது.

மருமகள் தன் கையால் எழுதினாள். அவள் கணவருக்குத்தான் எல்லாம். தொண்டு செய்த கையாலேயே படிவத்தை நிரப்பியதுதான் அவளுக்கு வினையாயிற்று. டைப் அடித்திருந்தால் இந்தப் பிரிவு அவளைத் தொட்டிருக்காது.

விதிவிலக்கு இரண்டு இங்கே பொருந்தும். ஒன்று, உயிலே இல்லாவிட்டாலும் வாரிசாக வரக்கூடியவர் என்றால், உயிலில்லாமல் கிடைக்கும் பங்கின் மதிப்புவரை வாங்கிக்கொள்ளலாம். அதற்கு மேல் கூடாது. இரண்டு, மோசடியோ வற்புறுத்தலோ இல்லை என்று நீதிமன்றம் மனநிறைவு கொண்டால் முழுத் தகுதியும் கிடைக்கும். இரண்டாவதைக் கவனியுங்கள். வற்புறுத்தல் நடந்தது என்று அக்காவால் நிரூபிக்க முடியவில்லை, சரி. ஆனால் இந்த இடத்தில், வற்புறுத்தல் நடக்கவில்லை என்று காட்ட வேண்டிய பாரம் தம்பியின் மேல் ஏறிவிட்டது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வீடு ஒரு பேச்சுக்கு 8,00,000 ராண்ட். இந்தக் கைநாட்டு உயில் (இனி இரண்டாம் உயில்) செல்லாமல் போய், வேறு உயிலும் இல்லை என்றால், 1987ஆம் ஆண்டின் 81ஆம் எண் உயிலில்லா வாரிசுச் சட்டப்படி நான்கு கிளைக்கு நான்கு பங்கு: ஒரு கிளைக்கு 2,00,000. இறந்த மகளின் பங்கு அவள் இரண்டு பிள்ளைகளுக்குத் தலா 1,00,000. இரண்டாம் உயில் பிழைத்து, 4A பிரிவின் தடை மட்டும் நின்றால், தம்பிக்கு 2,00,000க்கு மேல் போகாது. 2(3), 4A என்ற இரண்டு பூட்டையும் அவரே திறந்தால்தான் முழு வீடும். இதை வழக்கறிஞர் ஒரு காகிதத்தில் எழுதி எதிர்த்தரப்புக்கு அனுப்பினார். அதன் பிறகு அவர்கள் கடிதங்களில் சுருதி இறங்கியது.

ஆனால் இதே கணக்கு நம் பக்கத்திலும் ஒரு விரிசலைக் காட்டியது. மூத்தவருக்கும் இறந்த தங்கையின் பிள்ளைகளுக்கும், எந்த வழியில் போனாலும் கால் பங்கு கிடைத்தால் சரி. வீட்டை விற்றுப் பிரித்தால் இன்னும் நல்லது. மூன்றாவது மகளுக்கு அது போதாது. 2,00,000 ராண்டில் டர்பனில் அவளுக்கு வீடு கிடைக்காது. அவளுக்கு வேண்டியது முதல் உயில்.

அம்மா இறப்பதற்கு ஒன்பது ஆண்டு முன், கை நன்றாக இருந்த காலத்தில், ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுதியது அது. ஒவ்வொரு பக்கத்திலும் தமிழில் கையெழுத்து. எழுத்து ஒவ்வொன்றும் தனித்தனியாக, அழுத்தமாக. அலுவலக ஊழியர்கள் இருவர் சாட்சி. வீடு நான்கு பேருக்கும் சமம். கூடவே ஒரு வரி: கல்யாணமாகாத மகள் ஆயுள் உள்ளவரை பெரிய வீட்டில் குடியிருக்கலாம். வாரிசுச் சட்டம் இந்த வரியைக் கொடுக்காது, உயில்தான் கொடுக்கும். இரண்டாம் உயிலை நீதிமன்றம் ஏற்றிருந்தால், "முந்தைய உயில்கள் ரத்து" என்ற அச்சு வரியும் உயிர் பெற்று, தம்பிக்குக் கால் பங்குதான் என்றாலும் அக்காவின் குடியிருப்பு உரிமை போயிருக்கும். அது முழுவதுமாகச் செல்லாமல் போனால்தான் ரத்தும் செல்லாமல் போகும்.

அசல் எங்கே என்பதும் முக்கியமாயிற்று. எழுதியவர் கையில் கடைசியாக இருந்த உயில் இறப்புக்குப் பின் காணவில்லை என்றால், அவரே கிழித்துப் போட்டார் என்றுதான் சட்டம் முதலில் ஊகிக்கும். நல்ல வேளையாக அசல் வழக்கறிஞரின் பெட்டகத்தில் இருந்தது. இறந்த மகளின் பெயர் அதில் இருந்ததும் சிக்கல் ஆகவில்லை; அவள் பங்கு அவள் பிள்ளைகளுக்கு இறங்க 2C பிரிவு வழி செய்கிறது.

நலன்கள் இப்படிப் பிரிந்ததால் மூத்தவர் வேறு வழக்கறிஞரை வைத்துக்கொண்டார். அண்ணன் தங்கைக்குள் மனஸ்தாபம் வராமல் இருக்க அதுவே நல்லது என்று நான் நினைக்கிறேன். ஒரே ஆள் இருவருக்கும் பேசினால், ஒருவருக்குச் சொல்ல வேண்டிய ஆலோசனையை மற்றவருக்காக விழுங்க வேண்டிவரும்.

முடிந்த விதம்

விசாரணைத் தேதிக்கு முன்பே சமரசம் ஆனது. தம்பி தன் மனுவை வாபஸ் வாங்கினார். முதல் உயிலை மாஸ்டர் ஏற்றார். அக்காவின் குடியிருப்பு உரிமை வீட்டின் டைட்டிலில் பதிவாகும்; இதை வலியுறுத்தினோம், ஏனென்றால் பதிவாகாத உரிமை நாளை வீட்டை வாங்க வருகிறவருக்கு முன் பலவீனமானது. அவுட்பில்டிங்கில் தம்பி குடும்பம் தொடரலாம். தன் பங்கு தண்ணீர், கரண்ட், ரேட்ஸ் (மாநகராட்சி வரி) அவர் கட்ட வேண்டும். மைனர் பேரனின் பங்கை யாரும் தொடவில்லை. வாரிசுகள் தமக்குள் பங்கை மாற்றிக்கொள்ளலாம் என்றாலும், மைனரின் பங்கைத் தொட்டால் மாஸ்டரிடமோ நீதிமன்றத்திடமோ ஒப்புதல் வாங்க வேண்டும்; அவனுக்காகப் பேச அம்மாவும் இல்லை. எக்ஸிக்யூட்டர் கட்டணம் சட்ட விகிதப்படி மொத்தச் சொத்தில் 3.5 சதவீதம்வரை போகலாம். வழக்கறிஞர் அதைக் குறைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். கணக்கு 21 நாள் பார்வைக்கு வைக்கப்பட்டது. யாரும் ஆட்சேபிக்கவில்லை.

என் மனதுக்கு ஒப்பாத ஒன்று மருமகளின் நிலை. சாட்சியிடம் பொய் சொல்லிக் கையெழுத்து வாங்கியது தவறு, அதை நான் மழுப்ப மாட்டேன். ஆனால் இரண்டு ஆண்டு அந்த அம்மாவைத் தூக்கி உட்கார வைத்தவள் அவள்தான். கூலி பேசி ஒப்பந்தம் போட்டிருந்தால் எஸ்டேட்டிடம் கேட்டிருக்கலாம். மருமகளிடம் யார் ஒப்பந்தம் போடுகிறார்கள்? மூத்தவர் கடைசியில் தன் பங்கிலிருந்து ஒரு தொகையை அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்தார். அதை எந்தச் சட்டப் பிரிவும் கேட்கவில்லை.

இதே நிலையில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது: பதினாறாம் நாள்வரை காத்திருக்காமல் உயிலின் நகலை வாங்குங்கள். எல்லாப் பக்கமும் கையெழுத்து உண்டா, எழுதியது யார் கை, சாட்சி யார், கைநாட்டு என்றால் முத்திரையில் என்ன வாசகம் என்று பாருங்கள். முந்தைய உயில் உண்டா என்று அம்மா, அப்பா போய்வந்த வழக்கறிஞர், பேங்க் எல்லா இடத்திலும் கேளுங்கள். ஆட்சேபம் இருந்தால் எக்ஸிக்யூட்டர் நியமனத்துக்கு முன் மாஸ்டருக்கு எழுத்தில் கொடுங்கள். பெற்றோர் உயிருடன் இருந்தால், செப்டம்பர் மாதத்தில் தேசிய உயில் வாரம் வரும். அதில் பங்கேற்கும் வழக்கறிஞர்கள் எளிய உயிலைக் கட்டணமில்லாமல் எழுதித் தருகிறார்கள். தமிழில் எழுதினாலும் உயில் செல்லும், மாஸ்டரிடம் கொடுக்கும்போது பிரமாண மொழிபெயர்ப்பு வைக்க வேண்டியிருக்கும். பிள்ளைகள் காரில் கூட்டிப்போய் விடலாம். எழுதும்போதும் கையெழுத்துப் போடும்போதும் வெளியே உட்காருங்கள்.